படை இல்லையா? படி!

"வல்லான் வகுத்ததே வாய்க்கால்!"

இதைத்தானே சொல்கிறாய்?

டிவியில் போர்ச் செய்தி ஓடுகிறது. குண்டு விழுகிறது. ஐ.நா. சபை கூடுகிறது, பேசுகிறது, கலைகிறது. "சர்வதேசச் சட்டமாம் சட்டம்! பெரிய நாடு வைத்ததுதான் சட்டம்" என்று சொல்லிவிட்டு நீ சேனலை மாற்றுகிறாய்.

நில்!

உலகத்தைப் பற்றிப் பேசியதாக நினைக்கிறாயா? உன்னைப் பற்றித்தான் பேசினாய். "நான் சின்னவன், என்னால் ஒன்றும் ஆகாது." நீ சொல்லாமல் சொன்னது அதுதான்.

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்!

இந்தச் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார். அதன் உயர்ந்த பக்கங்கள் பலவற்றை எழுதியவர்களிடம் படை இல்லை. பணம் இல்லை. பதவியும் இல்லை. பிடிவாதம் மட்டும் இருந்தது.

நம்பிக்கை வரவில்லையா? வா, பசிபிக் கடலுக்குப் போவோம்.

வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. மக்கள்தொகை சுமார் 3 லட்சம். நம்மூரில் ஒரு நடுத்தர நகரத்துக்குள் அடங்கிவிடும்.

2019. தலைநகர் போர்ட் விலா. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி வளாகம். 27 மாணவர்கள். உன்னைப்போல இளம் பிள்ளைகள்.

அவர்கள் கண்முன்னே கடல் ஏறிக்கொண்டிருந்தது. 2015-இல் பாம் என்ற புயல் வந்து வனுவாட்டுவைப் புரட்டிப் போட்டிருந்தது. புகையைக் கக்கிச் செழித்த நாடுகள் எங்கோ இருந்தன. அந்தப் பாவத்துக்கு இந்தத் தீவுகள் விலை கொடுத்தன.

அந்த மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "இதை ஏன் சர்வதேச நீதிமன்றத்திடம் கொண்டுபோகக் கூடாது?"

சிரிப்பு வருகிறதா? சிரிக்கக் காரணமும் இருந்தது. பலாவ் என்ற இன்னொரு தீவு நாடு 2011-இல் இதையே முயன்றது. பாதி வழியில் அந்த முயற்சி நின்றுபோனது. ஓர் அரசாங்கத்தால் முடியாததைக் கல்லூரிப் பிள்ளைகள் முடித்துவிடுவார்களா?

அவர்கள் அந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடவில்லை. பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு காது கொடுத்தது.

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேள். வழி எப்படித் திறந்தது என்று தெரிந்தால்தான் உனக்கும் வழி தெரியும்.

சர்வதேச நீதிமன்றத்தில் மாணவன் வழக்குப் போட முடியாது. தனி மனிதர் யாருமே போட முடியாது. அங்கே வாதியும் நாடு, பிரதிவாதியும் நாடு. அதிலும் எதிரே நிற்கும் நாடு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏதோ ஒரு வகையில் ஏற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு நகராது.

ஆனால் பக்கத்தில் இன்னொரு கதவு இருக்கிறது! ஐ.நா. பொதுச்சபை ஒரு சட்டக் கேள்வியை அனுப்பினால், நீதிமன்றம் அதற்கு ஆலோசனைக் கருத்து சொல்லும். பொதுச்சபையில் வீட்டோ கிடையாது. அமெரிக்காவுக்கும் ஓர் ஓட்டு. சீனாவுக்கும் ஓர் ஓட்டு. வனுவாட்டுவுக்கும் ஓர் ஓட்டு!

அந்தக் கதவைத் தட்டினார்கள். நாடு நாடாகப் போய்ப் பேசினார்கள். நடுவில் கொரோனா வந்தது. விடவில்லை.

2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வனுவாட்டுவை அடித்தன. கூரை போன வீடுகளைச் செப்பனிடவே நேரம் போதாத காலம். அதே மார்ச் 29-ஆம் தேதி, நியூயார்க்கில் அவர்களுடைய தீர்மானம் சபைக்கு வந்தது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து அதை முன்மொழிந்தன. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது!

2024 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் விசாரணை. 96 நாடுகள் எழுந்து நின்று வாதம் சொன்னன. 2025 ஜூலை 23 அன்று 15 நீதிபதிகளும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. பருவநிலை ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கும் கடமை உண்டு. கடமை தவறினால் அது சர்வதேசச் சட்டப்படி அந்த நாடு பொறுப்பேற்க வேண்டிய தவறு. பாதிக்கப்பட்ட நாடு இழப்பீடு கேட்க வழி உண்டு.

ஆலோசனைக் கருத்து என்பது தீர்ப்பைப்போல நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் பாதி உண்மை பேச நான் வரவில்லை. ஆனால் அந்தக் கருத்து எடுத்துக்காட்டிய கடமைகள் எல்லாம் கட்டுப்படுத்தும் கடமைகள். இனி எந்த நாட்டின் நீதிமன்றத்திலும் ஒரு வழக்கறிஞர் அந்த ஏட்டைத் தூக்கிக் காட்டி வாதாடலாம்.

வகுப்பறையில் எழுந்த கேள்வி. 6 ஆண்டுகளில் உலகத்தின் உச்ச மேடையில் பதில்!

இந்த 6 ஆண்டுகளில் நீ எந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்?

"எனக்கு அடிப்படையே தெரியாதே" என்கிறாயா? தெரிந்துகொள்! யார் தடுத்தது?

நம் நாட்டில் சட்டம் செய்ய நாடாளுமன்றம் இருக்கிறது. மீறினால் போலீஸ் வரும். உலகத்துக்கு அப்படி ஒரு நாடாளுமன்றம் இல்லை. உலகப் போலீஸும் இல்லை. நாடுகளே சட்டம் செய்கின்றன. நாடுகளே அதற்குக் கட்டுப்படுகின்றன.

முதல் வழி, ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு நாடு தன் முறைப்படி ஒப்புதலும் தர வேண்டும். தந்துவிட்டால் சொன்ன சொல்லைக் காக்க வேண்டும். "எங்கள் உள்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை" என்று பிறகு நழுவ முடியாது.

இரண்டாவது வழி, வழக்காறு. நாடுகள் தொடர்ந்து ஒரு முறையில் நடக்கின்றன. இப்படி நடப்பது சட்டக் கடமை என்ற எண்ணத்தோடு நடக்கின்றன. அப்போது யாரும் எழுதிக் கையெழுத்திடாமலேயே அது சட்டமாகிவிடுகிறது.

இவற்றோடு எல்லா நாட்டு நீதிமுறைகளுக்கும் பொதுவான கோட்பாடுகள். துணைக்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்தும். சர்வதேச நீதிமன்றச் சட்டவிதிகளின் 38-ஆம் பிரிவு இவ்வளவையும் சொல்லி முடிக்கிறது. அரைப் பக்கம்தான். அந்த அரைப் பக்கத்துக்கா உனக்கு நேரமில்லை?

வழக்காறு என்றதும் கடந்து போய்விடாதே. சின்னவனின் ஆயுதம் அங்கேதான் இருக்கிறது.

1947. தென் அமெரிக்காவின் சிலியும் பெருவும் ஓர் அறிவிப்பு செய்தன. "கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள மீன்வளம் எங்களுக்குரியது!" அந்தக் காலத்தில் கடற்படை வல்லரசுகள் ஒத்துக்கொண்டது 3 மைல். 3 எங்கே, 200 எங்கே?

வல்லரசுகள் எதிர்ப்புக் கடிதம் அனுப்பின. இவர்கள் பின்வாங்கினார்களா? 1952-இல் எக்வடோரையும் சேர்த்துக்கொண்டு சாந்தியாகோ நகரில் கூட்டாகப் பிரகடனமே செய்தார்கள். சொன்னதோடு நிற்கவும் இல்லை. தங்கள் நீரில் சூரை மீன் பிடிக்க வந்த அமெரிக்கப் படகுகளைப் பெருவும் எக்வடோரும் பிடித்தன. அபராதம் போட்டன!

புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பின்னால் வந்து நின்றன. 1982-இல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை வந்தது. அதில் எத்தனை மைல்? 200!

கடலோர நாடுகளின் பொருளாதார மண்டலம் என்று இன்று உலகமே ஏற்கும் எல்லை அது. 370 கிலோமீட்டர். இந்தியாவும் 1976-இலேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர் அரபிக் கடலின் ஆழத்தில் தூண்டில் போடுகிறாரே, அந்த நீரில் நம் நாட்டுக்குள்ள உரிமை இப்படித்தான் பிறந்தது.

இதை எந்த வல்லான் வகுத்தான்? சொல்!

"சரி, சட்டம் இருக்கிறது. யார் மதிக்கிறார்கள்?" அடுத்த சாக்கு இதுதானே?

நீ மதுரையில் தபால் பெட்டியில் போட்ட கடிதம் டொரண்டோவில் ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தியத் தபால்தலையைக் கனடா எதற்காக மதிக்க வேண்டும்? 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் போட்ட அஞ்சல் ஒப்பந்தம் இன்றும் உயிரோடு இருக்கிறது!

சென்னையில் கிளம்பிய விமானம் அடுத்தவன் வானத்தில் பறந்து லண்டனில் இறங்குகிறது. 1944-இல் சிகாகோவில் ஒப்பமிட்ட உடன்படிக்கைதான் அதற்கு அடித்தளம். உன் கைபேசியில் +91 அடித்தால் இந்தியாவில் மணி அடிப்பதும் நாடுகளின் உடன்பாட்டால்தான்.

மீறல்தான் செய்தியாகிறது. கடைப்பிடிப்பது செய்தியாவதில்லை. நீ செய்தியை மட்டும் பார்த்துவிட்டு உலகத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறாய்!

பெரிய நாடு தோற்றால் ஏற்குமா என்று கேள். வங்காள விரிகுடாவில் கடல் எல்லை யாருக்கு என்று இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நெடுங்காலத் தகராறு. நடுவர் மன்றம் 2014 ஜூலை 7-இல் தீர்ப்புச் சொன்னது. தகராறில் இருந்த சுமார் 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்கு!

இந்தியா என்ன செய்தது? ஏற்றுக்கொண்டது. எத்தனை கப்பல் இருந்தாலும் ஏற்றுக்கொண்டது. அந்த நாளை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். வல்லமை உள்ளவன் தீர்ப்புக்குத் தலைவணங்குவதுதான் வல்லமைக்கே அழகு.

ஏன் ஏற்கிறார்கள்? நாளை தனக்கும் அதே சட்டம் வேண்டும். தன் தூதரை அடுத்த நாடு காக்க வேண்டும், தன் கப்பலை விட வேண்டும், தன் ஒப்பந்தத்தை நம்ப வேண்டும். சொல் தவறிய நாட்டோடு வியாபாரம் பேச எல்லாரும் யோசிப்பார்கள். போலீஸ் இல்லாத இடத்தில் இந்தக் கணக்குதான் காவல் நிற்கிறது. சில நேரம் பொருளாதாரத் தடையும் வரும்.

எப்போதும் ஜெயிக்குமா? ஜெயிக்காது. மறைக்க மாட்டேன்.

1984-இல் நிகராகுவா என்ற சின்ன நாடு அமெரிக்கா மேலேயே வழக்குப் போட்டது. தன் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததற்காக. ஆயுதக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்து ஏவிவிட்டதற்காக. அமெரிக்கா பாதியில் எழுந்து போய்விட்டது. 1986 ஜூன் 27-இல் நிகராகுவா வென்றது. அமெரிக்கா இழப்பீட்டுப் பணம் கட்டவில்லை. பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனபோது வீட்டோ போட்டது.

"பார்த்தாயா!" என்று துள்ளாதே. இன்னும் கேள்.

இன்று உலகத்தில் எந்தச் சட்டக் கல்லூரியில் வேண்டுமானாலும் போய்க் கேள். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் எப்போது பலம் பிரயோகிக்கக் கூடாது என்ற பாடத்தில் முதலில் எடுக்கும் வழக்கு எது? நிகராகுவா வழக்கு! அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாமல் அந்தத் துறையில் வாதமே இல்லை. பணம் வரவில்லை. ஆனால் அடுத்து அடிபடுகிறவனின் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

தோல்வி என்றதும் நீ துவளுகிறாய். தோல்வி என்றால் என்ன என்று உனக்கு ஒரு மனிதரைக் காட்டுகிறேன். பெயர் ரஃபேல் லெம்கின். பொறுமையாகப் படி. இவரைத் தெரிந்துகொள்ளாமல் நீ எழுந்து போகக் கூடாது.

1900-இல் பிறந்தவர். இன்றைய பெலாரூஸ் மண்ணில் ஒரு யூத விவசாயக் குடும்பம். லிவீவ் நகரில் மாணவராக இருந்தபோது ஒரு செய்தி அவரை உலுக்கியது. ஆர்மீனிய மக்களைக் கொன்று குவித்ததற்குப் பொறுப்பான தலாத் பாஷாவை, 1921-இல் ஓர் ஆர்மீனிய இளைஞர் பெர்லினில் சுட்டுக் கொன்றார். அந்த இளைஞர் கைதானார்.

லெம்கின் தன் பேராசிரியரிடம் கேட்டார். ஒருவனைக் கொன்றவனுக்குக் கைவிலங்கு. ஓர் இனத்தையே கொன்றவனைக் கைது செய்ய ஏன் சட்டம் இல்லை? அரசு தன் குடிகளை என்ன செய்தாலும் வெளியார் தலையிட முடியாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அன்றைய சட்டம் அதுதான்!

நீயாக இருந்தால் குறிப்பு எடுத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருப்பாய். அவர் அந்தச் சட்டத்தையே மாற்றக் கிளம்பினார்.

1933. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் சட்ட மாநாடு. மக்கள் கூட்டங்களை அழிப்பதை உலகக் குற்றமாக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அவர் அப்போது வார்சாவில் அரசு வழக்கறிஞர். அவருடைய அரசே அவரைப் போக விடவில்லை. கட்டுரை மட்டும் போனது. மாநாடு அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு வேலையும் போனது.

முதல் தோல்வி.

1939-இல் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. தப்பி ஓடினார். வழியில் பெற்றோரைப் பார்த்தார். "வந்துவிடுங்கள்" என்று கெஞ்சினார். அவர்கள் வரவில்லை. பிறகு அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை.

லிதுவேனியா, ஸ்வீடன், ரஷ்யா, ஜப்பான் என்று சுற்றி 1941-இல் அமெரிக்கா சேர்ந்தார். ஓடும்போதும் என்ன செய்தார் தெரியுமா? நாஜிகள் ஒவ்வொரு நாட்டிலும் பிறப்பித்த உத்தரவுகளை ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்து சேகரித்தார். ஆதாரம்! உயிர் பிழைக்க ஓடுகிறவன் கையில் ஆதாரக் கட்டு!

1944-இல் அந்த ஆதாரங்களைப் புத்தகமாக்கினார். இனப்படுகொலை என்று இன்று நாம் சொல்லும் குற்றத்துக்குச் சர்வதேசச் சட்டத்தில் பெயர் வைத்தவர் அவர்தான்.

போர் முடிந்தது. நாஜித் தலைவர்கள் மேல் நியூரம்பெர்க் நகரில் விசாரணை. குற்றப்பத்திரிகையில் அந்தக் குற்றம் இருந்தது. 1946-இல் வந்த தீர்ப்பில் இல்லை! அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, தன் குடும்பத்தில் 49 பேர் கொல்லப்பட்டார்கள் என்று.

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன தோல்வி வேண்டும்? சொல், நீ எதில் தோற்றாய்? ஒரு தேர்வில்? ஒரு நேர்காணலில்?

அவர் ஐ.நா. சபையின் நடைபாதைகளுக்குப் போனார். பிரதிநிதிகளை ஒவ்வொருவராகப் பிடித்தார். பதவி கிடையாது. பின்னால் எந்த அரசும் கிடையாது. இருந்தும் அவருக்குத் தீர்மானம் கிடைத்தது. 1946 டிசம்பர் 11. முன்மொழிந்த நாடுகள் மூன்று. கியூபா, பனாமா, இந்தியா!

இந்தியா அன்று சுதந்திரம்கூட அடையவில்லை. அடிமைப்பட்டிருந்த நாடு, உலகத்தின் கொடிய குற்றத்துக்குச் சட்டம் கேட்டு எழுந்து நின்றது. இதை உனக்கு எந்தப் பள்ளியிலாவது சொல்லிக் கொடுத்தார்களா? எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

1948 டிசம்பர் 9. பாரிஸ். இனப்படுகொலை ஒப்பந்தம் நிறைவேறியது. 1951 ஜனவரி 12-இல் அமலுக்கு வந்தது.

அவருக்கு என்ன கிடைத்தது? வறுமை. நோய். 1959-இல் நியூயார்க்கில் மாரடைப்பு. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. அவர் குடியேறிய அமெரிக்கா அதுவரை அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல்கூடத் தரவில்லை!

முடிந்ததா? இல்லை! வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற அமெரிக்க செனட்டர் 1967-இல் எழுந்தார். "ஒப்புதல் தரும்வரை செனட் கூடும் நாளெல்லாம் பேசுவேன்" என்று அறிவித்தார். பேசினார். 3,211 உரைகள்! ஒரே விஷயம். 19 ஆண்டுகள். 1986-இல் செனட் இணங்கியது. 1988-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

மூன்றாம் நாளே உனக்குச் சலித்துவிடுகிறதே! 3,211 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வை.

1998 செப்டம்பர் 2. ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் அகாயேசு என்ற முன்னாள் மேயரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று அறிவித்தது. ஒரு சர்வதேச நீதிமன்றம் அந்தக் குற்றத்துக்குத் தண்டித்தது அதுவே முதல் முறை. லெம்கின் இறந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2019-இல் காம்பியா எழுந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஓரத்தில் ஒரு சிறு நாடு. மியான்மரில் வதைபட்ட ரோஹிங்கியா மக்களுக்காக, கடல்கள் தாண்டி இருக்கும் அந்த நாட்டின் மேல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. "உனக்கென்ன பாதிப்பு?" என்று கேட்டார்கள். இனப்படுகொலை ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாட்டுக்கும் கேட்கும் உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 23-இல் ஒருமனதாக இடைக்கால உத்தரவு போட்டது.

வேலை போன ஒரு வக்கீலின் பிடிவாதத்திலிருந்து இவ்வளவும் வந்தது!

"இதெல்லாம் ஹேக், நியூயார்க் சமாச்சாரம். எனக்கென்ன?" என்று இன்னும் கேட்கிறாயா?

உன் அலுவலகத்துக்கு வா. பாலியல் தொல்லைக்கு எதிராக உள்ளகப் புகார் குழு என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

1992-இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஒரு கிராமப் பணியாளர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. வேலையிடத்தில் பெண்ணைக் காக்க அன்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றம் எதைப் பிடித்தது? பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை! இந்தியா 1993-இல் அதற்கு ஒப்புதல் தந்திருந்தது. 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013-இல் சட்டமே வந்தது. நம் அரசியல் சாசனத்தின் 51-ஆம் பிரிவும் சர்வதேசச் சட்டத்தை மதிக்கப் பாடுபடு என்று அரசுக்குச் சொல்கிறது.

உன் அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறாரா? வெளிநாட்டில் கைதானால், தன் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை உண்டு என்று தாமதமின்றி அவருக்குச் சொல்லியாக வேண்டும். 1963 வியன்னா உடன்படிக்கை, 36-ஆம் பிரிவு. பாகிஸ்தானில் கைதான குல்பூஷண் ஜாதவ் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியா அந்த நாட்டுக்கு எதிராக இதே பிரிவைத்தான் பிடித்தது. 2019 ஜூலை 17-இல் 15-க்கு 1 என்று இந்தியாவின் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்த ஒரு பிரிவை அண்ணனுக்கு இன்றைக்கே சொல்லி வை!

2012 பிப்ரவரி. கேரளக் கடலுக்கு அப்பால் ஓர் இத்தாலியக் கப்பலில் இருந்து கடற்படை வீரர்கள் சுட்டார்கள். செயின்ட் ஆண்டனி என்ற படகில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர்.

வழக்கு நடுவர் மன்றம் போனது. 2020-இல் வந்த தீர்ப்பு, சுட்டவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்றது. இந்தியாவின் கடல் பயண உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தது.

உயிருக்கு அது ஈடாகுமா? நெஞ்சு கொதிக்கிறதா? கொதிக்கட்டும்! ஆனால் கொதித்துவிட்டுத் தூங்காதே. விலக்குரிமை எந்த நூலில் இருக்கிறது? எந்த வாதத்தால் அதை உடைக்கலாம்? ஐந்து நடுவர்களில் இரண்டு பேர் அதை ஏன் ஏற்கவில்லை? படி! அடுத்த முறை அப்படி ஒரு வழக்கு வந்தால் அந்த மேசையில் கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை ஒருவர் உட்கார வேண்டாமா?

"ஆங்கிலம் வராது. சின்ன ஊர்க் கல்லூரி." கடைசிச் சாக்கு! எடுத்துப் போடு அதையும்.

வனுவாட்டுவில் வீடுகளில் பேசும் மொழிகள் நூற்றுக்கும் மேல். அங்கிருந்து புறப்பட்டவர்கள் ஹேக்கில் ஆங்கிலத்தில் பேசவில்லையா? லெம்கின் வேற்று நாட்டில் வேற்று மொழியில் பாடம் நடத்தவில்லையா? மொழி கற்கக் கூடியது. கற்றுக்கொள்!

சின்ன ஊர் என்று வெட்கப்படுகிறாயா? இலங்கை என்ற சின்ன நாட்டில் பிறந்த நீதிபதி வீரமந்திரி சர்வதேச நீதிமன்றத்தின் துணைத் தலைவராக உயர்ந்தார். 1997-இல் டான்யூப் ஆற்று அணை வழக்கில் தனிக் கருத்து எழுதியபோது, இலங்கையின் பழைய ஏரிப் பாசனத்தை எடுத்துக்காட்டி, இயற்கையைக் காத்தபடியே வளர்வது எங்கள் மண்ணுக்குப் பழகிய அறிவு என்று நிறுவினார். ஐரோப்பிய ஆற்று வழக்கில் நம் பக்கத்து ஏரி சாட்சி சொன்னது! உன் ஊர்க் கண்மாயும் வலையும் வயலும் உனக்குச் சுமை என்று யார் சொன்னார்கள்?

சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் முழுவதும் அதன் இணையதளத்தில் இலவசம். உலகின் பெரிய சட்ட அறிஞர்களின் உரைகளை ஐ.நா. காணொளி நூலகம் காசு வாங்காமல் தருகிறது. மாணவர்கள் உலக நாடுகளாகவே நின்று வாதாடும் ஜெஸ்ஸப் போட்டி 1960 முதல் நடக்கிறது. உன் கல்லூரியில் அணி இல்லையா? நீ தொடங்கு! முதல் ஆண்டு தோற்பாய். தோற்றுவிட்டு இரண்டாம் ஆண்டு போ.

சட்டம் படிக்காதவனா நீ? பரவாயில்லை. ஆசிரியரா, மீனவர் சங்கத்துச் செயலாளரா, நர்ஸா, கப்பல் மாலுமியா? உன் தொழிலைத் தொடும் ஒப்பந்தம் ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் பெயரைத் தேடு. நம் நாடு அதற்கு ஒப்புதல் தந்ததா என்று பார். தராவிட்டால் ஏன் என்று உன் எம்.பி.க்குக் கடிதம் எழுது. போர்ட் விலா பிள்ளைகளும் கடிதத்தில்தான் தொடங்கினார்கள்.

ஐ.நா. சாசனத்தில் மொத்தம் 111 பிரிவுகள். இன்று இரவு 2-ஆம் பிரிவைத் திற. எந்த நாடும் பிற நாட்டின் மேல் பலம் பிரயோகிக்கவோ மிரட்டவோ கூடாது என்று அதன் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. நாளை 51-ஆம் பிரிவு, தற்காப்பு உரிமை. மறுநாள் 94-ஆம் பிரிவு, தீர்ப்புக்குக் கட்டுப்படும் கடமை. மூன்றையும் உன் கையால் தமிழில் எழுது. அடுத்த போர்ச் செய்தி வரும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எந்தப் பிரிவை மீறினார்கள் என்று உன் வீட்டாருக்கு நீ சொல்!